பதினேழாம் இலக்கம் யாருக்கும் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பாணுக்குச் சம்பல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் வீடு பதினாறு. பக்கத்து வீடு பதினெட்டு. அதற்கடுத்தது இருபது... எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது?"

வீட்டு இலக்கம் வேறு எப்படி இருக்கும்?

பழைய வாசகர்களுக்குத் தெரியும் – நான் துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில்லில் மகள் வாசுகியோடு இருக்கிறேன். மேல்மாடி அறையை அவள் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். வருகிறவர்களோடு நான் கதைப்பது குறைவு. ஆங்கிலம் தெரியாதது ஒரு காரணம். கூச்சம் மற்றக் காரணம், பெரிய காரணமும் அதுதான். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

இந்தப் பெண் குசினிக்கே வந்துவிடுகிறார். பெயர் யானா. அறுபது வயதிருக்கும். செக் நாட்டில், ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னக் கிராமம் அவருடைய ஊர். ஊர்ப் பெயரை மூன்று தரம் சொல்லித் தந்தார். என் வாயில் வரவில்லை. "பரவாயில்லை, எங்கள் ஊருக்குப் புதிதாக வருகிற பஸ் சாரதிக்கும் வராது" என்றார். வாசுகிதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் யானா தன் ஊரை வரைந்து காட்டினார்.

இரண்டு மலை. மலை நிறைய ஊசி இலை மரங்கள். நடுவில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய சோறு போல, நாற்பது வீடுகள். ஒரு ஓடை வளைந்து வந்து ஒரு குளத்தில் விழுகிறது.

"வயலுக்கோ?" என்று கேட்டேன். இல்லையாம். ஊரில் தீப்பிடித்தால் அணைக்க வெட்டிய குளமாம். தீப்பிடிக்காத நாட்களில் மீன் வளர்ப்பார்கள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸ் சமையலுக்கு, சில நாள் முந்தி அந்த மீனை உயிரோடு கொண்டுவந்து வீட்டுக் குளியல் தொட்டியில் விடுவார்களாம்.

"அப்ப நீங்கள் எங்க குளிக்கிறது?" என்று வாசுகி கேட்டாள்.

"மீன் குளிக்கும். நாங்கள் காத்திருப்போம்."

குளத்தின் கரையில் நாலு பெரிய மரம், ஒரு சின்னத் தேவாலயம். அதில் சாமியார் கிடையாது. மணி மட்டும் உண்டு. யாராவது செத்தால் அடிக்கிற மணி. கடலென்றால் ஒரு நாள் முழுக்கக் காரில் ஓட வேண்டும். அதுதான் விடிந்ததும் மாடியில் நின்று துறைமுகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் அந்தத் தண்ணீரை நின்று பார்த்து எத்தனை மாதம் இருக்கும்?

பிறகு வீடுகளுக்கு இலக்கம் போட்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் முப்பத்தேழு. அதற்கு எதிரே நாலு. நாலுக்குப் பின்னால் இருபத்திரண்டு...

"தபால்காரன் பாவம்" என்றேன்.

யானா சிரித்தார். அவர்கள் ஊரில் இலக்கம் தெரு வழியே போவதில்லையாம். எந்த வீடு முதலில் கட்டினதோ அது ஒன்று. பிறகு கட்டினது இரண்டு. முந்தி ஒரு காலத்தில் ஒரு மகாராணி, படைக்கு ஆள் சேர்ப்பதற்காக வீடுகளை எண்ணச் சொன்னாவாம். அன்றைக்குத் தொடங்கின எண்ணிக்கை இன்றைக்கும் அப்படியே தொடருகிறது. இலக்கத்தைப் பார்த்தாலே அந்த வீட்டின் வயது தெரிந்துவிடும்.

நல்ல யோசனைதான்.

ஆனால் தாளில் பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழு இல்லை. முப்பத்தொன்றும் இல்லை. எழுத மறந்துவிட்டாரோ என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

யானா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அந்த ஊரில் முன்பு இருந்தவர்கள் ஜெர்மன் பேசுகிற சனங்களாம். பெரிய யுத்தம் முடிந்த கையோடு அவர்களை அனுப்பிவிட்டார்கள். கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வெறும் வீடுகளுக்கு வேறு இடங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். யானாவின் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இலக்கம். கதவைத் திறந்தால் அலுமாரியில் பீங்கான்கள் அடுக்கினபடி இருந்தனவாம். யானாவின் அம்மா வளர்ந்தது அந்தப் பீங்கானில் சாப்பிட்டுத்தான்.

ஆள் வராத வீடுகள் விழுந்துபோயின. பதினேழு அப்படி விழுந்த வீடு.

"அப்ப பதினேழைப் புது வீட்டுக்குக் குடுக்கலாமே?" என்றாள் வாசுகி.

"கொடுப்பதில்லை. அது அந்த வீட்டின் இலக்கம்."

"வீடே இல்லையே."

"இலக்கம் இருக்கிறதே" என்றார் யானா.

இன்னொரு விஷயமும் சொன்னார். அந்த நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புத்தகம் இருக்க வேண்டுமாம். அது சட்டம். அந்த வருஷம் ஊரில் யார் பிறந்தது, யார் செத்தது, எவ்வளவு பனி கொட்டியது – எல்லாவற்றையும் எழுத ஊருக்கு ஓர் ஆள். யானாவின் ஊரில் அந்த ஆள் யானாதான். பழைய புத்தகத்தை எடுத்து, அந்தச் சனங்களை அனுப்பிய வருஷத்துப் பக்கத்தைத் தேடினாராம். இரண்டே வரி. 'ஊரில் மாற்றங்கள் நடந்தன. அறுவடை நன்றாக இருந்தது.'

அவ்வளவுதான்.

யானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் ஒரு வயதான ஜெர்மன்காரப் பெண் வந்து அவர்கள் வீட்டு வேலிப் படலையடியில் நின்றாவாம். யானாவின் அம்மா கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் உள்ளே இருந்துவிட்டார். வீட்டைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறா என்ற பயம். வந்தவ கொஞ்ச நேரம் நின்றா. வேலிக்கு வெளியே விழுந்து கிடந்த ஒரு அப்பிள் பழத்தைப் பொறுக்கினா. போய்விட்டா.

"வளர்ந்து, புத்தகம் என் கைக்கு வந்ததும் அதையும் அதில் எழுதினேன்" என்றார் யானா. "அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை."

நான் சம்பல் கோப்பையை மூடி வைத்தேன். ஏனென்று சொல்கிறேன்.

என் சொந்த ஊர் திரியாய். எங்கள் நாட்டு யுத்தத்தில் ஊரோடு ஓடினோம், பல வருஷம் கழித்துத் திரும்பினோம். எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் முடிவில் ஒரு அம்மன் கோயில். வருஷத்தில் பத்து நாள் திருவிழா. ஒழுங்கையில் பத்து வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் உபயம் – அன்றைய பூ, விளக்கு, பொங்கல், பூசை எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. ஏழாம் நாள் அம்மன் வெளிவீதி வருவா. அந்த நாள் காசிப்பிள்ளை வீட்டுக்கு.

திரும்பி வந்தபோது கோயிலில் கூரை இல்லை, உபயக் கொப்பியும் இல்லை. "அக்கா, உங்கட எழுத்து முத்து மாதிரி. நினைவில இருக்கிறதை எழுதித் தாங்கோ" என்று என்னிடம் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்குக் கிடைத்த மரியாதை. சந்தோஷமாக இருந்து எழுதினேன்.

ஒன்பது வீட்டுக்காரர் ஊருக்கு வந்துவிட்டார்கள். காசிப்பிள்ளை வீட்டார் வரவில்லை. வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள் என்று மட்டும் கேள்வி. ஒரு நாள் பூசையில்லாமல் அம்மனை விடலாமா? அந்த நேரம் என் தம்பி கலியாணம் செய்து தனி வீடு கட்டியிருந்தான். அவனுக்கு உபயம் இல்லை.

ஏழாம் நாள் என்று எழுதி, பக்கத்தில் தம்பியின் பெயரைப் போட்டேன்.

'அவர்கள் வரும்வரைக்கும்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. ஆதியிலிருந்தே அப்படித்தான் என்கிற மாதிரி எழுதினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் எழுத்து அவ்வளவு வடிவாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் காசிப்பிள்ளையின் மகள் புஷ்பம் வந்து இறங்கினாள். போகும்போது பத்து வயது, இப்போது தலை நரைத்திருக்கிறது. தாய் தகப்பன் அங்கே அகதி முகாமிலேயே முடிந்துவிட்டார்கள். காணியைத் திரும்பக் கேட்க உறுதிப் பத்திரம் கிடையாது. அந்த வளவில் இருந்தவர்கள் என்பதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கிராம சேவகர் கேட்டிருக்கிறார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், கோயில் கொப்பியைப் பார் என்று. ஊரில் மிச்சமிருக்கும் பழைய பட்டியல் அது ஒன்றுதான்.

பார்த்திருக்கிறாள். பெயர் இல்லை. பஸ் ஏறி என்னிடம் வந்தாள்.

"மாமி, நீங்கள்தானே அதை எழுதினது. எங்கட வீடு அதில இருந்ததுதானே?"

"ஓம் பிள்ளை, இருந்தது."

"பிறகேன் எழுதேல்லை?"

"வயசு போயிட்டுது. மறந்துபோச்சு பிள்ளை" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். "அதுக்கென்ன மாமி, ஆருக்கும் மறக்கும்தானே" என்று என்னைத் தேற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். 

பக்கத்தில் நின்று கேட்ட வாசுகிக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். யானா இன்னொரு தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளினார். இப்போது நீங்கள் உங்கள் ஊரை வரையுங்கள் என்றார். வரைந்தேன். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் எங்கள் ஒழுங்கை. கோயில். பொதுக் கிணறு. பிறகு ஒவ்வொரு வீடாகப் பெட்டி கீறினேன். தம்பியின் வீடு பின்னால் கட்டினது, அதைக் கோயிலுக்குப் பின்னே போட்டேன்.

யானா கிணற்றுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் பென்சிலை வைத்தார்.

"இங்கே ஒன்றும் இருக்கவில்லையா?"

கை இடம் விட்டு வரைந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"அம்மா, அந்த இடத்தில ஆற்ற வீடு?" என்றாள் வாசுகி. பிறகு கொஞ்சம் மெதுவாக, "புஷ்பமக்காவின்ர வீடோ?"

"ஓம்."

"அப்ப மாமாவின்ர ஏழாம் நாள்...?"

"அதுவும் அவையின்ரதான்."

வாசுகி இதை யானாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வழியே போகிற புல்மோட்டை பஸ் எடுத்து ஊருக்குப் போனேன். முதலில் தம்பி வீடு. கதிரையில் இருக்கச் சொன்னான். விஷயத்தைச் சொன்னதும் எழும்பிவிட்டான்.

"அக்கா, இப்ப என்னத்துக்கு இதைக் கிளறுறீங்கள்? இத்தனை வருஷம் நாங்கள்தானே செய்தனாங்கள்."

"செய்தது நீ. நாள் அவையின்ர."

"என்ர பெடியன் அந்த ஏழாம் நாளுக்கெண்டு லண்டனில லீவு போட்டிருக்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல?"

"அத்தை பிழையா எழுதிப்போட்டா எண்டு சொல்லு."

"அவளுக்குக் காணிதானே வேணும்? இருந்தவையெண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோவன். கொப்பியை ஏன் தொடுறீங்கள்?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது நானும் அதைத்தான் யோசித்தேன். கடிதம் ஒன்று போதாதா? காணியும் கிடைக்கும், தம்பியும் கோபிக்க மாட்டான். ஆனால் கடிதத்தில் 'இருந்தார்கள்' என்று எழுதி, கொப்பியில் 'இல்லை' என்று வைத்திருந்தால்... நான் எழுதினதில் எதைக் கிராம சேவகர் நம்புவார்?

தம்பி திரைச்சீலை இழுக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பயத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே முகம்தான் போல.

கோயிலுக்குப் போய், பரிபாலன சபைத் தலைவர் முன்னால் கொப்பியைத் திறந்தேன். தம்பியின் பெயரை வெட்டவில்லை. அவனும் இத்தனை வருஷம் விளக்கேற்றியவன், அது பொய்யில்லை. அதன் மேலே எழுதினேன்: 'ஏழாம் நாள் – காசிப்பிள்ளை வீடு. அவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் என் தம்பி செய்தது. இதை முதலே எழுதாமல் விட்டது நான்.' கையெழுத்து வைத்தேன். இந்த முறை எழுத்து வடிவாக வரவில்லை. அதன் பிரதியைத்தான் புஷ்பம் கிராம சேவகரிடம் கொண்டுபோயிருக்கிறாள். காணி என்னவாகும் என்று இன்னும் தெரியாது.

அன்றைக்குக் கோயிலுக்கு நான் வரச் சொல்லியிருந்த புஷ்பம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறந்துபோச்சு என்று நான் சொன்ன பொய் அவளுக்கு விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று நின்றேன்.

"மாமி, அப்பாவின்ர பேர் மட்டும் கிடக்கு. அம்மாவின்ர பேரையும் போடுவீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டேன். நல்லம்மா.

தம்பி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. யானாவின் அம்மாவுக்கு ஒரு மாதம் எடுத்தது. என் தம்பி அதைவிடப் பிடிவாதக்காரன். பார்ப்போம்.

யானா நேற்றுப் போய்விட்டார். நான் வரைந்த தாளையும் கொண்டுபோனார், காலியான இடத்தில் ஒரு பெட்டி கீறி வாங்கிக்கொண்டு. கொப்பியோ கோயில் அலுமாரிக்குள் இருக்கிறது, அதைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

காசிப்பிள்ளை – நல்லம்மா வீடு. கிணற்றுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் இருந்தது. மறந்துபோகவில்லை... நான்தான் விட்டேன்.