தறிக்குழிக்குள் ஒரு நாய்

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் வாயே திறக்கமாட்டார். பேச்சுத்துணைக்கு ஒரு உயிராவது வேண்டுமென்று வேலூர்ப் பக்கம் இருக்கிற விலங்குக் காப்பகத்துக்குப் போனேன். குட்டிகளைக் காட்டினார்கள். எனக்கென்னவோ மூலையில் கிடந்த, மூக்கோரம் நரைத்துப்போன ஒரு நாயின் மேல் கண் போய்விட்டது.

"ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்ததும்மா," என்றார் அங்கே பார்த்துக்கொள்கிற அம்மா. "வந்தப்புறம் சோத்தையே தொடல. இன்னொரு வாட்டி திருப்புனீங்கன்னா தாங்காது. யோசிச்சுக் கூட்டிகினு போங்க."

நான் எங்கே யோசித்தேன்!

வீட்டுக்குள் நுழைந்த நாய் என்னையும் பார்க்கவில்லை, வைத்த பால்சோற்றையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். நேரே போய் அவர் உட்கார்ந்திருந்த தறிக்குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. எங்களுடையது குழித்தறி. காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். அதை ஒட்டி நாய் படுத்தால் மனுஷன் எப்படி மிதிப்பார்? ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து, வால் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு மிதித்தார்.

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிஸ்கட் காட்டினேன், வாங்கிக்கொண்டு குழிக்குள்ளேயே தின்றது. குழி குளுகுளுவென்று இருப்பதால்தான் போகிறது என்று நினைத்து, கொல்லையில் சாக்கை நனைத்து விரித்தேன். அதில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அவர் சாப்பிட எழும்போதெல்லாம் நாயும் மேலே வரும். பசி என்று நினைத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் தெருவில் எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கிடையாது.

"குட்டியா வாங்கறத வுட்டுட்டு இவ்ளோ வயசானதக் கூட்டிகினு வந்திருக்கியேக்கா! அதுக்கு அங்க பொண்டாட்டி புள்ள இருக்கும். அந்த ஏக்கம்தான்."

சிரித்தேன். கல்யாணச் சேலை ஒன்றின் முந்தி தறியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் நாய் புரண்டு படுக்க, அவர் காலை வெடுக்கென்று இழுக்க, மிதி தவறி, முந்தியில் நெய்துகொண்டிருந்த மயிலின் கழுத்தில் ஒரு கோடு விழுந்தது. பிரித்து நெய்யவே பொழுது போய்விட்டது.

"இன்னாம்மே, நான் சேலை நெய்யறதா, நாய் மேய்க்கறதா? ஒரே பேஜாரா கீது. அமாவாசை வரட்டும், கொண்டுபோய் வுட்டுடலாம்."

அமாவாசையன்று எங்களவர்கள் தறியில் உட்காரமாட்டார்கள். வெளிவேலைகளுக்கெல்லாம் அந்த நாள்தான். இன்னொரு முறை திருப்பினால் தாங்காது என்று காப்பகத்து அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எந்த முகத்தோடு அவரிடம் வாதாடுவது?

அமாவாசைக் காலை. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. கையில் கயிற்றோடு குழியில் எட்டிப் பார்த்தால், நாய் இல்லை. கொல்லையில் இல்லை. தெருவில் இல்லை. பதறிக்கொண்டு முன்அறைக்கு வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் மொத்த உடம்பையும் போட்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது நாய்.

அடப்பாவி! குழியும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அது தேடியது அவருடைய கால்களை.

வாசலில் ஹார்ன் அடித்தது. "இன்னாக்கா, வரீங்களா இல்லியா?"

டீ எப்போதோ தீர்ந்திருந்தது. அவர் காலை அசைக்கவில்லை.

"நீயே போய் ஆட்டோவ அனுப்பிச்சிடும்மே," என்றார், ரகசியம் பேசுகிற குரலில். "நான் எப்படி எழுந்துக்கறது? தூங்குது பாரு. கத்தாத."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை!

இப்போது மிதிகட்டைக்கு ஒரு கால், நாய்க்கு ஒரு கால் என்று நெய்கிறார். பேச்சுத்துணைக்கென்று நான் கூட்டி வந்தது அது. எதையாவது சொல்ல ஆரம்பித்தால், குழிக்கு மேலே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக, இரண்டுமே காதில் வாங்குவதில்லை.