மூன்று மேசைகளும் ஒரு சேர்வரும்

எண்பதுகளின் கடைசியில் ஊர்காவற்றுறைத் தீவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் வீட்டுப் பிரிவில் தட்டச்சாளராக இருந்தேன். படகுக்கும் கிணற்றுக்கும் வேறு வேறு பிரிவுகள். உதவி கேட்டு வருகிறவர்கள் மூன்று மேசைகளிலும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். வீடு எப்படி எரிந்தது, யார் செத்தது என்று. ஒவ்வொரு பிரிவும் அதைத் தன் கொம்பியூட்டரில் தனியாகப் பதிந்துகொள்ளும்.

கொழும்பிலிருந்து மெஷின் திருத்த வந்த பொறியியலாளர்தான், மூன்றையும் வயரால் இணைத்து நாலாவதைப் பொதுச் சேர்வராக வைக்கலாம் என்றார். ஒருவர் பதிந்ததை மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்தே பார்க்கலாமாம். அவரோடு நின்று யன்னலோரமாக வயர் இழுத்தேன். மின்சாரம் அடிக்கடி போனதால் வேலை இழுபட்டது. கடைசியில் நான் அடித்த பெயர் படகுப் பிரிவின் திரையில் தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

அவர் கொழும்புக்குத் திரும்பிய கையோடு ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் சேர்வரில் இருந்த தன் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். பொறுப்பதிகாரியிடம் முறையிட்டேன்.

"ஒருத்தற்றை வேலைக்குள்ள மற்றவர் தலை போட்டா வீண் பிரச்சினை. நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றார்.

அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கடலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கணவனும் மகனும் போய்விட்டார்கள், படகும் இல்லை. என் மேசையில் அழாமல் எல்லாம் சொன்னார். பதிந்துவிட்டுப் படகுப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே முதலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

விசாரணை முடியவில்லை என்று அவருடைய படகு விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்தார்கள். என்னிடம் இருந்த பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கள் பிரிவு எழுதியதுதான் செல்லும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய், ஒருமுறை மட்டும் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஏலாது பிள்ளை. உமக்குச் சொன்னனான். இனி என்ரை வாயாலை அதைச் சொல்லேலாது."

அவருக்குக் கிடைக்கவேண்டிய படகு வேறு யாருக்கோ போனது. வெளியிலிருந்து விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் பூட்டுகளைத் திறந்து சேர்வரைப் பெருமையாகக் காட்டினார்கள்.

தொண்ணூறில் இராணுவம் வந்து இறங்கப்போகிறது என்று கேள்விப்பட்டுத் தீவே கிளம்பியது. அலுவலக லொறியில் கொம்பியூட்டர்களைப் பாய் சுற்றிப் பத்திரமாக ஏற்றினார்கள். பிள்ளைகளோடு நடந்து வந்தவர்கள் கை காட்டியபோது, இடமில்லை என்று சாரதி நிறுத்தாமலே போனார்.