ஈரப் புடவையும் இரும்புக் கம்பியும்

"உன் ஈரப் புடவைதான்டி சிக்னலை மறைக்குது!" டிவியில் புள்ளி பறக்கும்போதெல்லாம் என் கணவர் கத்துவார். ஒருநாள் சிட்லபாக்கம் வீட்டு மொட்டை மாடியில், ஆன்டெனா அருகே இருந்த துணிக்கொடியை அறுத்தே விட்டார். வெளியே வெயில் கொளுத்த, கோடை முழுக்க அறைக்குள் துணி காயப்போட்டேன். படம் தெளியவில்லை.

கடைசியில் மெக்கானிக் வந்தார். 'சுத்தச் செம்பு' என்று கணவர் பெருமையாக வாங்கிய ஆன்டெனா ஒயரை வெட்டி, நடுக்கம்பியில் காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டது.

"மேலதான் செம்புக்கா, உள்ள இரும்பு. மாடில சிக்னல ஏத்திக் குடுக்குற பூஸ்டர் கீது, அதுக்கு இது வழியாத்தான் கரண்டு போவணும். பத்தல."

"அப்போ புடவை?"

"புடவை இன்னாக்கா பண்ணும்?"

கணவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கிவிட்டு, அறுத்த கொடியை அவர் மடியில் எறிந்தேன். "கட்டுங்க."

கட்டினார். ஒயரையும் மாற்றினார், படம் பளிச்சென்று வந்தது. ஆனால், 'தப்பு என்னுதுதான்' என்ற ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. ஒவ்வொரு புடவையையும் உதறிப் போடும்போது அதற்காகக் காத்திருக்கிறேன்.