கைக்குத் தெரியாத அடர்த்தி

திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தவை வட்டத் துணிகள்தான். டீ கிளாசுக்கு அடியில் ஒரு வட்டத் துணி, மெஷினில் எண்ணெய் துடைக்க ஒரு வட்டத் துணி, கம்பெனி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கீழேயும் நாலைந்து. எல்லாம் உள்ளங்கை அகலம், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. பிறகுதான் ஒருவர் காட்டிக் கொடுத்தார். துணி பின்னி வந்ததும் அதன்மேல் ஒரு உருண்டைக் கட்டரை வைத்து அழுத்தித் திருகுவார்கள். வெட்டுப்பட்ட வட்டத்தைச் சின்னத் தராசில் போட்டால் துணியின் கனம் தெரிந்துவிடும். அதற்கு ஜிஎஸ்எம் என்று பெயர். எடை பார்த்து முடிந்ததும் வட்டத்துக்கு வேலை இல்லை. நம் விளாத்திகுளம் பக்கம் துணி வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார்கள், வெயிலில் தூக்கிப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். துணியை எடை போட்டுப் பார்க்கிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

செல்வி, கனி, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களும், நம்மைப் போல இங்கே பிழைக்க வந்தவர்களும் படித்தால் நல்லதுதான். அப்பா எட்டாவதோடு நின்றவன். டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

உங்கள் அம்மா துணி செக்கிங்கில் நிற்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப் லைட் எரியும். மேலே துணி ஓடும். ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை எல்லாம் அந்த வெளிச்சத்தில் மாட்டும். அம்மாவுக்குக் கண்ணைவிடக் கை பெரிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு தேய்ப்புத் தேய்த்து ஜிஎஸ்எம் சொல்லுவாள். தராசும் பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். கம்பெனி மாஸ்டர், "அக்கா கைய மெஷின்ல கட்டி உட்டரலாமுங்க" என்று கேலி பேசுவார். இந்தக் கைதான் பின்னால் எங்களைத் திசை தப்ப வைத்தது.

போன வருடம் புற்றுநோய் வந்து அம்மாவின் இடது மார்பை எடுத்ததை உங்களிடம் மறைக்கவில்லை. புண் ஆறி வேலைக்குப் போனபோது, அம்மா எதற்கு வட்டத் துணிகளைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறாள் என்று கனி கேட்டாள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அதை அடுக்கித் தைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டாள். வேர்வையில் அது நகர்ந்துவிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கவே அவளுக்குத் தயக்கம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இம்பிளாண்ட் வைக்கலாம் என்றார்கள். சிலிக்கான் ஜெல் அடைத்த ஒரு பை. இடது பக்கம் அதை வைத்து, விருப்பப்பட்டால் வலது பக்கமும் சின்னதாக ஒன்று வைத்து இரண்டையும் சமமாக்கலாமாம்.

"வைக்கதுதான் வைக்காக, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்" என்றாள் அம்மா. "கண்ணாடியில பாதி ஆளாத் தெரியுதேன்."

நானும் சரி என்றுதான் இருந்தேன். நாம் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா வந்து ஒரு கேள்வி கேட்டார். முற்றத்தில் நின்றபடி, மெதுவாக, "ஏனுங்க, அதைய உள்ள வெச்சுட்டா, பொறகு நோவு ஏதாச்சும் வந்தா மறைச்சுப் போடாதுங்களா?" என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன்க்கா பயங்காட்டுதிய?" என்று உள்ளே போய்விட்டாள். நம் ஊரில் அக்கறை இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், கையைப் பிடித்து அழுவார்கள். இப்படி 'ங்க' போட்டு நிதானமாகக் கேட்டால் குத்திக் காட்டுகிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். வீட்டுக்காரம்மா பாவம், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொருளை உள்ளே வைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பார்கள்?

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் அம்மாவின் வலது மார்புப் படத்தைக் காட்டினார். மேமோகிராம் என்பார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. கொழுப்பு கறுப்பாகத் தெரியும், திசு வெள்ளையாகத் தெரியும். அம்மாவுடையது ஏறக்குறைய முழுக்க வெள்ளை.

"திசு ரொம்ப அடர்த்திங்க. இது வியாதி இல்லீங்க, நிறையப் பேருக்கு இப்படித்தான். ஆனா கட்டியும் படத்துல வெள்ளையாத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தொழிலில் அடர்த்தி என்றால் உசத்தி. அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "அடர்த்தியா இருந்தா என் கைக்குத் தெரியாதா? மெதுமெதுன்னுதான இருக்கு" என்றாள்.

"கையில தெரியாதுங்கம்மா. கல்லு மாதிரி இருக்கற மார்பு படத்துல கறுப்பா இருக்கலாம். மெத்துனு இருக்கறது இப்படி வெள்ளையா இருக்கலாம். படம் எடுத்தாத்தான் தெரியும்."

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

பிறகு டாக்டரம்மா விளக்கினார். வலது பக்கம் வைக்கவே கூடாது என்று இல்லை. பையால் சாதாரண மார்புப் புற்றுநோய் வருகிறது என்றும் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் பையும் வெள்ளையாக நின்று கொஞ்சம் மறைக்கும். பையைப் பின்னால் தள்ளிக் கூடுதல் படம் எடுப்பார்கள். அப்படியும் ஏதாவது விடுபடலாம். ஏற்கெனவே அடர்த்தியாக இருப்பதால் பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஸ்கேனும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சில நேரம் எம்ஆர்ஐயும். இடது பக்கம் அந்தக் கவலை குறைவு. அங்கே மறைப்பதற்குத் திசுவே அநேகமாக இல்லை.

மாதிரிக்கு இரண்டு பைகளை மேசையில் வைத்தார். அம்மா விடுவாளா, எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்று வழவழ, இன்னொன்று லேசாகச் சொரசொர. "இதுதான் நல்ல ஃபினிஷிங். வழுக்காது" என்று சொரசொரப்பானதை நீட்டினாள்.

டாக்டரம்மா சிரித்தார். "அந்த மாதிரி மேல்பக்கம் இருக்கறதோடதான் அபூர்வமா வேற ஒரு புற்றுநோய் சம்பந்தப்படுதுங்க. நாம வழவழப்பானதே வெச்சுக்கலாம்." அதுவும் சாகும்வரைக்கும் இருக்கிற பொருள் இல்லையாம். வலி தெரியாமலே உள்ளே கிழியலாம், சுற்றிலும் இறுகிப் போகலாம், ஒருநாள் மாற்ற வேண்டி வரலாம். அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னைக்கி என் கைக்கு லீவு" என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ் பல்லடம் தாண்டியது. வெளியே சோளக்காடு ஓடியது. ஜன்னலைப் பார்த்தபடியே, "கனத்த துணிக்கு அடி வெளிச்சம் பத்தாதுன்னு நாந்தான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன். மேல இருந்தும் லைட்டு போடு, திருப்பிப் போட்டும் பாருன்னு. அந்தத் துணிமேல இன்னொரு துணியையும் விரிச்சுட்டுப் பாக்கச் சொல்லுவனா?" என்றாள். பிறகு, "எனக்கு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்னு ஆசைதான். ஆனா அந்த வலது பக்கத்தையாவது நல்லாப் பாக்கட்டும். அதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

வேறொரு பெண் வேறு மாதிரி முடிவு செய்யலாம். அது தப்பில்லை. நீங்கள் இருவரும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் மற்றவர்களைவிட முன்னாலேயே டாக்டரைப் பார்த்து, எங்கள் அம்மாவுக்கு இருந்தது என்று சொல்ல வேண்டும். படம் எடுத்தால், அடர்த்தி எப்படி என்று கேட்க வேண்டும். 'ஒன்றும் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால், 'ஒன்றும் இல்லை' என்றா, 'பார்க்க முடியவில்லை' என்றா என்றும் கேட்க வேண்டும்.

இடது பக்கம் வைத்து, காயம் ஆறி, வலது பக்கத்து ஸ்கேனும் நல்லபடியாக வந்த பிறகு, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம் அல்லவா. "திருப்பூர்க்காரி வந்துட்டா" என்று தெருவே கூப்பிட்டது. இங்கே அவளைத் தெற்கத்தி அக்கா என்கிறார்கள். நீங்கள் "ஊட்டுக்கு எப்பப் போறோம்" என்று திருப்பூர்ப் பேச்சில் கேட்டதும், அங்கே சித்தப்பாமார் சிரித்தார்கள். கோயிலுக்குக் கிளம்புமுன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். புதுப் பக்கம் உயர்ந்து, அசையாமல், விறைப்பாக நின்றது. கூடப் பிறந்த பக்கம் தழைந்து, சின்னதாகத் தெரிந்தது. கைப்பையிலிருந்து திருப்பூர் வட்டத் துணி இரண்டை எடுத்து, பழக்கத்தில் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். பிறகு அவற்றைக் கூடப் பிறந்த பக்கத்துக்கு வைத்துச் சரிசெய்தாள்.

"இப்பச் சமமா இருக்கா, பாருங்க" என்றாள்.