லென் சொன்ன ஓம்

லென் ஹாரப்பின் சொந்த ஊர் ஓல்டம். இங்கிலாந்தின் வடக்கே ஆலைப் புகை மண்டிய இடம். மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்களுக்காக ஊர் ஊராக மாறி உதைபந்து விளையாடியவர். எந்த ஊரும் அவரைத் தலையில் தூக்கி வைக்கவில்லை, அடித்துத் துரத்தவும் இல்லை. முன்வரிசை ஆட்டக்காரர். காலால் போட்டதைவிடத் தலையால் முட்டிப் போட்ட கோல்தான் அதிகம். அந்தக் காலத்துத் தோல்பந்து மழையில் நனைந்தால் கருங்கல்லாய்க் கனக்கும். அதை முட்டி முட்டியே மனிதர் வயிறு கழுவினார்.

மனைவி டொரீனோடு கப்பலேறி வந்து சிட்னியில் சில காலம் ஆடினார். கால் தளர்ந்ததும் மெல்பேர்ண். பகலில் டன்டினோங்கில் தொழிற்சாலை வேலை, மாலையில் எங்கள் கழகத்துக்குப் பயிற்சியாளர். கிரேக்கர், இத்தாலியர், இரண்டு மூன்று இலங்கைத் தமிழர் என்று எங்கள் கழகம் ஒரு சாம்பார். செயலாளர் வரதராஜா அண்ணை தங்கமான மனிதர். கழகம் என்று வந்துவிட்டால் மட்டும் கண்மண் தெரியாது.

அண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான், ‘ஆமா’ என்பதற்கு நாங்கள் இலங்கைத் தமிழர் சொல்லும் ‘ஓம்’ என்ற சொல்லை லென் பிடித்துக்கொண்டார். இன்னும் இடியப்பம் வேண்டுமா என்றால் ஓம். சொதி விடவா என்றால் ஓம். ஓல்டம்காரர் வாயில் ‘ஹ’ நிற்காது, ஹோம் என்பதையும் ஓம் என்றுதான் சொல்வார். ஒருநாள் நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்ற கருத்தில் அவர் அதைச் சொல்ல, அண்ணையின் மனைவி சந்திரவதனா இன்னும் நாலு இடியப்பத்தைத் தட்டில் போட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது.

எழுபத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியது. லென் தலையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் குந்தத் தொடங்கினார். எங்கள் கோல்காப்பாளரை ஓல்டமில் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரால் கூப்பிட்டார். எந்தப் பக்கக் கோல் நம்முடையது என்று ஒருநாள் கேட்டார். பெடியள் பகிடி என்று நினைத்தார்கள்.

தலையில் இன்னொரு அடி பட்டால் மனிதர் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டொரீன் அண்ணையிடம் வந்து, அவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தட்டும், உள்ளே மட்டும் விடாதீர்கள் என்று கெஞ்சினாள். அண்ணையும் வாக்குக் கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் முன்வரிசைக்காரனுக்குக் கால் பிசகியது. லென் மேலங்கியைக் கழற்றினார். உள்ளே விளையாட்டுச் சட்டையோடுதான் வந்திருந்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லமாட்டேன். வேலி வேறு பக்கம் பார்த்தது.

இடைவேளைக்குச் சற்று முன் அவர் தலையும் எதிரணிக்காரன் தலையும் மோதின. இடைவேளையில் ஓரத்து வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்த லென், தோடம்பழத்தைத் தோலோடு கடித்தார். இனியும் ஆட முடியுமா என்று அண்ணை இங்கிலிஷில் கேட்டார். லென் அவரை நிமிர்ந்து பார்த்து, மெல்ல, “ஓம்” என்றார்.

“பாத்தனியே, ஓம் எண்டுறான்” என்றார் அண்ணை.

“அவன்ர கண் சரியில்லை அண்ணை. விடாதேங்கோ” என்றேன் நான்.

அண்ணை காதில் வாங்கவில்லை. குனிந்து, லென்னின் சப்பாத்து நாடாவைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டார்.

கடைசி நேரத்தில் மூலையிலிருந்து பந்து வந்தது. லென் எழும்பி முட்டினார். கோல். எல்லோரும் கூத்தாடினோம். லென் சேற்றில் முகங்குப்புறக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்த பிறகு நானும் அண்ணையும் போனோம். லென் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலால் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வேண்டுமா என்று தாதி கேட்டாள். ஓம் என்றார். குளிருகிறதா என்றாள். அதற்கும் ஓம். எல்லாம் விளங்குகிறது, எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறான் என்று அண்ணை டொரீனிடம் மகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

டொரீன் திரும்பிப் பார்க்கவில்லை. அது உங்கள் பாஷை இல்லை, வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார், முழித்ததிலிருந்து வாயில் வருவது அந்த ஒரு சொல்தான் என்றாள். பிறகு கேட்டாள்:

“மைதானத்திலேயும் இதைத்தான் கேட்டாரா?”

அண்ணை குனிந்து, கட்டிலுக்கடியில் லென்னின் சப்பாத்தைத் தேடினார்.

லென்னை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சொந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடி, சாகும்வரை வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். வரதராஜா அண்ணை இப்போது யார் எதைக் கேட்டாலும் “ஆமா” என்றுதான் சொல்வார். புதிதாக வந்த நம்முடைய ஆட்கள், அங்கிள் என்ன இந்தியாக்காரரோ என்று பகிடி பண்ணுவார்கள். அதற்கும் அவர் ஆமா என்பார்.