பயந்தவர் நடத்திய தொழில் வகுப்பு

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பட்டறையிலுள்ள பெரிய லேத்தை அவருடைய சனிக்கிழமை வகுப்புக்காக என்னைக் கேட்காமல் எடுத்திருந்தார். அதில் எதையோ கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டதால் திங்கட்கிழமை என் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. மனிதர் வரட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். துறை பியூன் சின்னப்பன் வந்து கதவோரம் நின்றார். "சார், சவரிமுத்து சாரு காலையில மாதா கோயில் பூசைக்குக் கெளம்புறப்ப நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உட்காந்தாராம். அவ்வளவுதானாம் சார்" என்றார். அடுக்கி வைத்த வார்த்தைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். சிலர் எங்களோடு வேலை பார்த்தவர்கள். இயந்திரவியல் பாடத்தை அவர் எப்படி நடத்தினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமாராகத்தான் நடத்தினார். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி. பாடத்திட்டத்தில் அது கிடையாது. பரீட்சையும் கிடையாது. அணையும் சாலையும் மின்நிலையமுமாக எங்கே பார்த்தாலும் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பொறியியல் பட்டம் வாங்கியவனை அரசாங்கமே கூப்பிட்டு நாற்காலி போட்டது. அந்த நேரத்தில் இந்த மனிதர் இறுதியாண்டு மாணவர்களை உட்கார வைத்து, நீயே ஒரு தொழிலைத் தொடங்கினால் என்ன என்று கேட்டார்.

அவருடைய முதல் பாடமே வம்பில் போய் முடிந்தது. மாணவர்களைத் தறி ஓடும் அம்மாபேட்டைக்கும் எடப்பாடிக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் அனுப்பிவைத்தார். "என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்காதே. யாரும் உண்மையைச் சொல்ல மாட்டான். வேலை செய்யும்போது எதைத் திட்டுகிறான் என்று கேட்டுவிட்டு வா. திட்டு விழுகிற இடத்தில்தான் தொழில் இருக்கிறது" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒருவன் எழுந்து, ஒரு தறிக்காரர் அறுந்துபோகும் நூலைத் திட்டியதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே ஒப்பித்தான். அந்த நேரம் பார்த்து முதல்வர் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சவரிமுத்துவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. "மாணவர் கூறியது களத்திலிருந்து பெறப்பட்ட தகவல்" என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து முதல்வரின் கண் அந்த வகுப்பின் மேல் விழுந்துவிட்டது. யாராவது ஒரு பெற்றோர் புகாரோடு வந்தால் வகுப்பும் போகும், ஆளும் எங்கோ ஒரு மூலைக்கு மாற்றப்படுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நானும் அந்த வகுப்புக்கு எதிரிதான். முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "காட்டை விற்றுப் படிக்க வைத்திருக்கிறார்கள் ஐயா. வேலைக்குப் போகாத பையனுக்கு யார் பெண் கொடுப்பான்? நீங்கள் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். "என் பெண்ணுக்கு ஆறு வயதுதான் ஆகிறது. அதற்குள் ஒருவனாவது தேறிவிடுவான்" என்றார். இப்படித்தான். கோபமாக ஆரம்பித்தால் சிரிப்பில் கொண்டுபோய் முடித்துவிடுவார். ஆனால் அவரும் சிரிக்க முடியாத ஒரு நாள் வந்தது.

முத்துசாமி என்று ஒரு மாணவன். நாமக்கல் பக்கத்தில் காடு கரை உள்ள குடும்பம். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். ஜவ்வரிசி ஆலையில் ஈர மாவை நீளத் துணியில் கொட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு உருண்டு மணியாகும். ஆட்டுகிறவர்களுக்குத் தோள் கழன்றுபோகும். அங்கே கேட்ட திட்டை வைத்துக்கொண்டு முத்துசாமி மோட்டாரில் ஆடும் தட்டு ஒன்றைச் செய்தான். பட்டறையில் அருமையாக ஆடியது. ஆலைக்குக் கொண்டுபோனதும் ஒரே பிசினாக ஒட்டிக்கொண்டது. மரவள்ளிக் கிழங்கு கிடைக்காத மாதத்தில் செய்ததால், அவனும் கூடப் படித்தவர்களும் விடுதிச் சமையலறையிலிருந்து உலர்ந்த அரிசி மாவை வாங்கிப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்! மறுபடி செய்தான். படிப்பு முடிந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்து அதையே செய்துகொண்டிருந்தான். இந்த முறை ஓடியது. ஆலைக்காரர், பருவம் முழுக்க ஓடட்டும், ஓடினால் மேலும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு அரசாங்க வேலைக்கான உத்தரவு வந்தது. போகமாட்டேன், பட்டறை போடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய அப்பா நல்லப்பக் கவுண்டர் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்துவிட்டார். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். மாணவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். முத்துசாமி சுவரோரம் தலையைக் குனிந்து நின்றான். கவுண்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏனுங்க வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நீங்க மாசம் பொறந்தாச் சம்பளம் வாங்கறீங்களா, இல்லீங்களா?"

"வாங்குறேங்க."

"அப்பறம் எம்பையன மட்டும் ஏனுங்க கெணத்துல தள்ளறீங்க? தொழிலு அத்தன நல்லதுன்னா நீங்க ஏன் பண்ணுல?"

இந்தக் கேள்வியை நானே பலமுறை கேட்க நினைத்து, நட்பை எண்ணி விழுங்கியிருக்கிறேன். மாணவர்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்களுக்கும் இதே கேள்வி உள்ளே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கவுண்டர் இங்கிருந்து நேரே முதல்வர் அறைக்குப் போகத்தான் வந்திருந்தார். ஒரு மழுப்பலான பதில் போதும், எல்லாம் முடிந்துவிடும். சவரிமுத்து கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை மேசைமேல் வைத்தார்.

"பயமுங்க" என்றார். "சின்ன வயசுல நானும் ஒரு சிநேகிதனும் சேர்ந்து வார்ப்படப் பட்டறை ஒண்ணு போடுறதா இருந்தோம். ஷெட்டு பிடிச்சாச்சு, உலை கட்டியாச்சு. முதல் நாள் காலையில நான் போகலைங்க. அவன் வாசல்ல நின்னு பார்த்துட்டு ஒத்தையாளா உள்ள போனான். நான் இந்த உத்தியோகத்துக்கு வந்துட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சதை இந்த வகுப்புல சொல்லித் தரலைங்க. எந்தெந்த இடத்துல பயந்தேனோ, அதைச் சொல்லித் தர்றேன்."

மாணவர்கள் முன்னால் ஒரு ஆசிரியர் இப்படிப் பேசலாமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கவுண்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்வர் அறைக்கு அவர் போகவே இல்லை. "நாளைக்கு எங்கூருக்கு வாங்க. கருப்பண்ணசாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். சாமி என்ன சொல்லுதோ அதுதான்" என்று மட்டும் சொன்னார்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது என்று எதற்கும் கேட்பார்கள். சாமியின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டி வைப்பார் பூசாரி. வலது பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் வேண்டாம். ஒரு பொறியாளனுடைய வாழ்க்கையை ஈரப் பூ தீர்மானிப்பதா என்று எனக்கு எரிச்சல். சவரிமுத்து மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வேறு; வரமாட்டார் என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றார். "என்ன ஐயா இது?" என்றேன். "அவருடைய பயத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைக்கிறாரோ, அங்கே போய் நிற்பதுதானே மரியாதை" என்றார். முத்துசாமி வேலையில் சேர மறுநாள்தான் கடைசி நாள்.

பூசாரி பூக்களை ஒட்டினார். காத்திருந்தோம். வெயில் ஏறியது. கவுண்டர் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே சுடுமணலில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பூவும் விழவில்லை, அந்தப் பூவும் விழவில்லை. கற்பூரம் மறுபடி ஏற்றினார்கள். நம்பிக்கையே இல்லாத நான் அந்தப் பூக்களைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். கடைசியில் பூசாரி உதட்டைப் பிதுக்கினார். "சாமி வாயத் தொறக்க மாட்டீங்குதுங்க. இன்னொரு நாளைக்குக் கேக்கலாமுங்க."

இன்னொரு நாள் இல்லை. கவுண்டர் வெளியே வந்தார். நல்ல உயரமான மனிதர். அன்றைக்கு ஏனோ குள்ளமாகத் தெரிந்தார். "வாத்தியாரே, நீங்களாச்சும் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

எத்தனை ஆண்டுகளாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவர்! இதோ கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சவரிமுத்து தலையை ஆட்டினார். "நான் சொல்ல மாட்டேங்க. நஷ்டம் வந்தா என்னைத் திட்டிட்டு உட்காந்துடுவான். சாமி சொல்லியிருந்தா சாமியைத் திட்டுவான். அவனையே கேளுங்க."

அந்த நிமிடம்தான் எங்களுக்கு உறைத்தது. சாமியைக் கேட்டோம், வாத்தியாரைக் கேட்டோம். அவனை யாருமே கேட்கவில்லை. கவுண்டர் மகன் பக்கம் திரும்பினார். "சொல்லு சாமி" என்றார்.

முத்துசாமி தலையை நிமிர்த்தினான். "பயமாத்தானுங்கப்பா இருக்குது" என்றான். "ராத்திரில தூக்கம் வர்றதில்லீங்க. ஆனாச் செய்யறேனுங்க."

கவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்பச் செய்யி" என்றார். நாங்கள் நடக்கத் தொடங்கி நாலு எட்டு வைத்திருப்போம். உள்ளேயிருந்து பூசாரியின் குரல் கேட்டது. "பூவு உழுந்துருச்சுங்க! எடதுங்க! எடது பக்கமுங்க!"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். சவரிமுத்துவின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த ஊரில் பூ சொன்ன சொல்லை மீறியவர் கிடையாது. மீறியவருக்கு என்ன நேர்ந்தது என்ற கதைகள்தான் உண்டு. முத்துசாமி அப்பாவைப் பார்த்தான். கவுண்டர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கும்பிட்டபடியே நின்றார். பிறகு சாமியிடம் பேசுவது மாதிரிச் சொன்னார்: "அத்தன நேரம் கேட்டன், நீ சொல்லுல. இப்ப எம்பையன் சொல்லிப்போட்டான். அவன் சொன்னத நா எப்புடி மாத்தறது? குத்தம்னா என்னய எடுத்துக்க." மகனைப் பார்த்து, "நட" என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். பருவத்தின் நடுவில் மோட்டார் எரிந்தது; வேறு மாட்ட வேண்டியதாயிற்று. எடதுப் பூ என்று ஊரே பேசியது. சவரிமுத்து சனிக்கிழமை தோறும் வகுப்பு முடிந்ததும் பேருந்தேறி அந்த ஆலைக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. தட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். ஒருமுறை நானும் போயிருந்தேன். தட்டின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடிப்போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பருவம் முடிந்து ஆலைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அன்றைக்குத்தான் அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

முத்துசாமியின் பட்டறை இப்போது நன்றாகவே நடக்கிறது. சவரிமுத்து மட்டும் கடைசிவரை எதையும் தொடங்கவில்லை. "இப்போதாவது செய்யலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் பயம் போகவில்லையே" என்றார், வெட்கமே இல்லாமல். கல்லறைத் தோட்டத்தில் சுவாமியார் மந்திரித்து முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். நல்லப்பக் கவுண்டர் மண்ணைப் போட்டுவிட்டு நகரவே இல்லை. முத்துசாமி கையைப் பிடித்து அழைத்துப் போனான். நான் வாய்விட்டு அழுதேன். சண்டை போட்டுப் போட்டே அவரை எவ்வளவு நேசித்தேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

போன சனிக்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டலாம் என்று போனேன். மாணவர்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். எனக்குத் தொழில் செய்யத் தெரியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்று கேட்டால், அந்த வகுப்பில் கவுண்டர் முன்னால் அவர் சொன்ன ஒரே ஒரு சொல்தான். உள்ளே போனேன். "உங்களில் யாருக்கெல்லாம் பயமாக இருக்கிறது?" என்று கேட்டேன். ஒருவனும் அசையவில்லை. முதலில் என் கையைத் தூக்கினேன்.