என் கழுத்துக் கட்டியும் செம்பூர் டாக்டரும்

எனக்கு ஒன்பது வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. இடது காதுக்குப் பின்னால், முடி முடிகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. வலி கிடையாது. அதனால் அது இருப்பதே எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தவள் அம்மா.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. அம்மா சட்டைகளுக்குப் பட்டன் தைக்கும் கார்கானாவுக்குக் காலையிலேயே போய்விடுவாள். பள்ளிக்கூட நாட்களில் நானே கோணல்மாணலாகச் சடை பின்னிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மா என்னை உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விரல் கழுத்தில் ஓரிடத்தில் நின்றது. அமுக்கினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வலித்தால் தேவலை என்பதுபோல இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பார்த்தாள்.

மறுநாள் அப்பா என்னை எங்கள் சந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். அலமாரிக்குக் கொஞ்சம் பெரிதான ஓர் அறையில் உட்கார்ந்து அந்த வட்டாரம் முழுவதற்கும் வைத்தியம் பார்த்தவர் அவர். கட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். டி.பி. கட்டி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், உடனே ஆரம்பித்துவிடுவது நல்லது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சந்தில் அந்த நோய் வந்துபோகாத வீடு குறைவு. கட்டி என்று எதைத் தொட்டாலும் அவருக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்திருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டு பாண்டுப்பிலிருந்து அத்தை வந்துவிட்டாள். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண், வெளியே மூச்சுவிடக் கூடாது என்றாள். ஒன்பது வயதில் எனக்கு நாளைக்கே கல்யாணம் என்று கேட்டு நான் சற்றுப் பயந்துபோனேன். யாராவது கேட்டால் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். நாங்கள் பொய் என்று நினைத்து ஊருக்குச் சொன்ன அந்தப் பதிலே கடைசியில் உண்மையாகிப்போனது.

அம்மா மட்டும் டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பாவைத் திறக்கவிடவில்லை. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, தட்டு நெறய சோறு திங்கா. ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுச் சொன்னா ஆச்சா? இன்னொரு டாக்டரு பாக்கட்டும். அவங்களும் அதையே சொன்னா நானே மாத்திரைய எடுத்துக் குடுக்கேன்."

அப்பாவுக்குச் சங்கடம். பட்டறையில் கையில் இரும்புச் சுருள் குத்தினால் மருந்து போட்டுவிடும் டாக்டர் அவர். அவர் பேச்சை நம்பாமல் வேறிடம் போனது தெரிந்தால் முகத்தில் எப்படி விழிப்பது என்று இழுத்தார். அம்மா அசையவில்லை. கார்கானாவில் கூட வேலை செய்யும் மராத்திக்காரி ஒருத்தியிடம் கேட்டு, செம்பூரில் ஒரு லேடி டாக்டர் இருப்பதைத் தெரிந்துவைத்திருந்தாள். சின்னப் பிள்ளைக்கு எதற்கு லேடி டாக்டர் என்று அப்பா கேட்டார். "பொம்பளப் பிள்ளைல்லா," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் நானும் அம்மாவும் மட்டும் போனோம். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி வேறு வண்டி மாறினோம். அம்மாவின் ஹிந்தி காய்கறி வண்டியோடு நின்றுவிடும். ஆகவே டாக்டரம்மாவிடம் பேச வேண்டியது நான். எனக்கே வந்த வியாதிக்கு நானே மொழிபெயர்ப்பாளர் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. வழியெல்லாம் வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். கட்டியைத் தொட்டார். கழுத்தின் மறுபக்கம், தாடைக்குக் கீழே, அக்குள் எல்லாம் தடவிப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது இருமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என் சடையைப் பிரித்து, பின்தலை முடியை விலக்கி, விளக்கை அருகே இழுத்தார். சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தலை நிறையப் பேன். சொறிந்து சொறிந்து பின்தலையில் புண். அந்தப் புண்ணால்தான் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. முடியை ஒட்ட வெட்டி, மருந்து தேய்த்து, புண் ஆறினால் கட்டியும் கரைந்துவிடும். கரையாவிட்டால் ஊசி போட்டுச் சோதித்துப் பார்க்கலாம், இப்போது அந்த மாத்திரை வேண்டாம். பேன் எங்கள் சந்தில் எல்லாப் பெண் பிள்ளைகளின் தலையிலும் இருந்தது. அதை யாரும் ஒரு சமாச்சாரமாக நினைத்ததில்லை. டாக்டர் வாயிலிருந்து ஹிந்தியில் கேட்டபோதுதான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். எழுந்திருப்பாள் என்று நான் செருப்பை மாட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, நீ வெளிய போயி இரு. நான் வாரேன்."

"நீ எப்படிம்மா பேசுவ?"

"பேசிக்கிடுதேன். போ."

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. நான் இல்லாமல் அம்மா எப்படி ஹிந்தி பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"மேரே கோ பி ஹை."

எனக்கும் இருக்கிறது என்கிறாள். தப்பில்லாத பம்பாய் ஹிந்தி. அடுத்து டாக்டரம்மா எழுந்துவந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அம்மாவுக்கும் பேன் இருக்கிறது, கொண்டையை அவிழ்த்துப் பார்க்கப்போகிறார், அந்நியர் முன்னால் தலைவிரி கோலமாக உட்கார முடியாதல்லவா, அதுதான் தாழ்ப்பாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது, குர்லா பிளாட்பாரத்தில் எங்கள் வண்டி வந்து நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி போய்விட்டது. இத்தனை வயதில் பேன் என்றால் வெட்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். பேனா, வெறும் பேனா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது நல்ல அடையாளம் என்று எண்ணி, "அம்மாவுக்கும் இருக்காம்ப்பா," என்று எடுத்துக்கொடுத்தேன். அதற்கும் சிரித்தார். அம்மா ஸ்டவ்வின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன்பிறகு பலமுறை போனார்கள். அம்மாவின் மார்பில் முந்தைய தீபாவளிக்கு முன்னாலிருந்தே கட்டி இருந்திருக்கிறது. ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று, செம்பூர் போய் வந்த இரவுவரை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு இரண்டாவது டாக்டர் வேண்டும் என்று சண்டை போட்டவள், தனக்கென்று முதல் டாக்டரைக்கூடத் தேடவில்லை. இதெல்லாம் எனக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அத்தை சொன்னாள். ஆபரேஷன் நடந்தது, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், மருந்தில் முடி கொட்டி மறுபடி வளர்ந்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள். இப்போது என்னோடு செம்பூரில்தான் இருக்கிறாள். என் கழுத்துக் கட்டி அந்த மழைக்காலம் முடிவதற்குள் போன இடம் தெரியவில்லை.

செம்பூர் போய் வந்த அன்று சாயங்காலம், அப்பா சிரித்துவிட்டு வெளியே போன பிறகு நடந்தது ஒன்று உண்டு. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அம்மா புதுப் பேன்சீப்பால் என் தலையை வாரி முடித்தாள். இனி உனக்கு நான் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நான் முடியை வகிர்ந்து வகிர்ந்து, காதோரம், பிடரி, உச்சி என்று ஓரிடம் விடாமல் தேடினேன். பேன் இருக்கட்டும், ஓர் ஈர்கூட இல்லை. டாக்டரம்மாவையே தோற்கடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"உனக்கு ஒண்ணுமே இல்லம்மா," என்றேன்.

அம்மா திரும்பவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்றாள்.

"நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவ பாரு," என்றாள்.

தலை வாருவது அவளுக்குச் சுகமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.